நெஞ்சு வலித்ததே இல்லை, இசிஜியில் மட்டும் பழைய அட்டாக்: அப்பாவுக்கு 21 வருஷ சுகர்

ரப்பர்மூடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 63 வயது, 35 வருஷமாக ரப்பர் பால்வெட்டு. சுகர் வந்து 21 வருஷம் ஆகிறது. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலை நாலு மணிக்குக் கட்டிலில் இருந்து எழும்பி, நெற்றி லைட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கியவர் வாழைமூட்டில் விழுந்துவிட்டார். அம்மா ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். அரை நிமிஷம்கூட இருக்காது. வீட்டு மிஷினில் சுகர் 142. முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) நாற்காலியில் உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார்கள், 150/80. "வெறும் வயிறு, வாயு, வெயில்" என்று சொல்லி ஒரு கேஸ் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு மணி இருட்டில் என்ன வெயில் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பிறகு மைனி (அண்ணி) பிடிவாதமாக நின்றதால் இசிஜி எடுத்தோம். எப்போதோ வந்துபோன அட்டாக்கின் தடம் அதில் இருக்கிறது. எக்கோவில் இதயத்தின் அடிப்பக்கச் சுவர் கொஞ்சம் சரியாக அசையவில்லை என்று எழுதியிருக்கிறது. அப்பாவோ, "எனக்கு ஒருநாளும் நெஞ்சு நொந்ததில்லை, வேணும்னா கோயில்ல வந்து சொல்லுதேன்" என்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 102, 104 என்று ஓடுகிறது. டாக்டர் "இதயத்துக்குப் போற நரம்பு கெட்டிருக்கலாம்" என்று சொல்லித் திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சுகரால் கால் மரத்துப்போகும், கண் கெடும், கிட்னி கெடும், இதெல்லாம் கேள்விப்பட்டது. இதயத்துக்குப் போகிற நரம்பா? யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மட்டிப்பழம்

மக்கா, பயப்படாதே. என் பெரியப்பாவுக்கும் இப்படிக் கெறக்கம் வந்தது. நம்ம ஊர் வர்ம ஆசான் ஒருவரிடம் மூன்று நாள் தடவினோம், ஆள் எழும்பி நடந்தார். நரம்பு சமாச்சாரம் என்றால் ஆசான்மாருக்குத் தெரியாததா?

வெள்ளைச்சேலை

மட்டிப்பழம் அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். இடுப்புப் பிடிப்பு, தசைவலி என்றால் நானே ஆசானிடம் போவேன். இது இசிஜியில் அட்டாக் தெரிந்த கேஸ். முதலில் திருவனந்தபுரம்.

தம்பி, நான் 24 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். அதில் ஒன்பது வருஷம் இதய வார்டில். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சுகர் காலுக்குப் போகும் நரம்பை மட்டும் கெடுப்பதில்லை. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் தானாக வேலை செய்கிற நரம்புகள் உண்டு. இதயத் துடிப்பு, ரத்தக்குழாய், இரைப்பை, மூத்திரப்பை, வேர்வை எல்லாம் அவற்றின் கையில். பல வருஷம் சுகர் ஏறியே கிடந்தால் இந்த நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களும் சேர்ந்து நைந்துபோகும்.

சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருப்பாய். வடம் பிடித்து இழுக்கிற கூட்டம் ஒரு பக்கம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். இருவரும் சரியாக இருந்தால்தான் தேர் ஒழுங்காகத் திரும்பும். இதயத்துக்கும் இரண்டு கூட்டம் உண்டு. முட்டுக்கட்டை போடுவது வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் கிளம்பி, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நீண்ட நரம்பு அது. நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். கால் விரல் முதலில் மரப்பதும் இதே கணக்கில்தான். முட்டுக்கட்டைக்காரர் கையை விட்டால் தேர் என்ன செய்யும்? அதுதான் உன் அப்பாவின் 104. வருஷம் போகப்போக வடம் பிடிப்பவர்களும் தளர்வார்கள். அப்புறம் படியேறினாலும் துடிப்பு ஏறாது, படுத்தாலும் குறையாது. ஒரே எண்ணில் நிற்கும்.

விழுந்ததற்கு வருகிறேன். நாம் எழும்பி நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். அடுத்த நொடியே நரம்பு உத்தரவு போட்டுக் குழாய்களை இறுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். உத்தரவு போகவில்லை என்றால் தலைக்கு ரத்தம் குறையும், கண் இருட்டும், ஆள் சாய்வார். அதனால்தான் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்த 150/80 உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வலி தெரியாததும் இதே கதைதான். இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவதும் நரம்புதானே? கம்பி அறுந்த மணியை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது. இப்படிப்பட்டவர்களுக்கு அட்டாக் மூச்சுவாங்கலாக வரும். காரணமில்லாத குளிர்ந்த வேர்வையாக, வாந்தியாக, திடீர்க் களைப்பாக வரும். வீட்டில் "வாயு" என்பார்கள். வார்டில் நான் பார்த்ததில் பாதிப் பேர் முதலில் சோடா குடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல். போன ஒன்றிரண்டு வருஷத்தில் எப்போதாவது திடீரென்று வேர்த்துக் கொட்டி, ஒருநாள் முழுக்க எழும்ப முடியாமல் கிடந்தாரா?

ரப்பர்மூடு

அக்கா, கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னாள். போன வருஷம் சித்திரை மாதம், சம்மந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த ராத்திரி. இரண்டு தடவை வாந்தி, பனியன் பிழிகிற அளவுக்கு வேர்வை. கல்யாணச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் பால்வெட்டப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் போய்விட்டார்.

இன்னொன்றும் அப்பா சொன்னார். எல்லா மரத்திலும் கெறக்கம் வருவதில்லையாம். "தாழ வெட்டுத மரத்துல குனிஞ்சு நிமிரும்போதுதான் கண்ணு இருட்டுது, உயர வெட்டு உள்ள மரத்துல ஒண்ணும் இல்ல" என்றார். ஒரு வருஷமாக இப்படித்தானாம். எங்களிடம் சொல்லவே இல்லை.

வெள்ளைச்சேலை

இதை அப்படியே இதய டாக்டரிடம் சொல். எந்த ஸ்கேனும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. சித்திரை மாத ராத்திரியையும் சேர்த்துச் சொல்.

முட்டம்_அலை

இதைப் படித்ததும் என் அம்மா நினைவுதான். 26 வருஷ சுகர். கோயிலில் பூசையின்போது முழங்கால் போட்டு எழும்பினால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். நாங்கள் பக்தி என்று நினைத்தோம்! ஒருநாள் நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதே சரிந்துவிட்டாள்.

அவளுக்கு இன்னொரு தொல்லை, மத்தியானம் சாப்பிட்ட பிறகு கெறக்கம். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் ஒரு பிடி பிடித்தால் அரை மணி நேரத்தில் சுவரில் சாய்ந்துவிடுவாள். தூக்கம் என்றே இருந்தோம். சாப்பாடு செரிக்க ரத்தம் வயிற்றுக்குப் போகும், அதை ஈடுகட்ட நரம்பு இல்லை, அதனால் பிரஷர் இறங்குகிறது என்று டாக்டர் சொன்னார். இப்போது அதே கிழங்கை மூன்று வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறாள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு எழும்பி வேலை செய்ய விடுவதில்லை. இரண்டு பிடியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதும் அந்த வேகஸ் நரம்பால்தானாம். இரைப்பை மெதுவாகத்தான் காலியாகிறது. சாப்பாடு இறங்கும் முன் இன்சுலின் வேலை செய்து சுகர் விழும். இரண்டு மணி நேரம் கழித்துத் திடீரென்று ஏறும். ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

மருந்துச்சீட்டு

மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் ஒரு தடை போடுகிறேன். எல்லாக் கெறக்கமும் நரம்பு இல்லை. நரம்பு என்று முத்திரை குத்துவதற்கு முன் அப்பாவின் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வயதானவருக்கு மூத்திரம் தடையில்லாமல் போக டாம்சுலோசின் கொடுத்திருப்பார்கள். பிரஷருக்கு பிராசோசின் இருக்கும். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. உள்ளங்கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின். இவை எல்லாமே எழும்பும்போது பிரஷரை இறக்கக்கூடியவை. நரம்பு எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரையே நரம்புக் கெறக்கத்தைக் கூட்டும், பாருங்கள் கூத்தை. நாலு டாக்டர், நாலு சீட்டு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. என் கடையில் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம் மெட்ஃபார்மின். வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12 குறையும். அந்தக் குறையே நரம்பைக் கெடுக்கும். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். ஹீமோகுளோபினும் பாருங்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முழுப் பையையும் எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள்.

ரப்பர்மூடு

அண்ணே, பையைக் கவிழ்த்தேன். டாம்சுலோசின் இருக்கிறது, எட்டு மாதமாக. நீர் மாத்திரை பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தே ஒரே குளிகையில் இருக்கிறது. எரிச்சல் மாத்திரை இல்லை. மெட்ஃபார்மின் 21 வருஷமாக.

மாவுக்கு_விடை

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மூலகாரணம் சுகர். சோறு, கிழங்கு, புட்டு, ஏத்தம்பழம் எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் 90க்குக் கீழே கொண்டுவந்தால் நரம்பு தானாக முளைக்கும். நான் 14 கிலோ குறைத்தேன், மாத்திரையையே விட்டுவிட்டேன்.

வெள்ளைச்சேலை

உங்களுக்குச் சந்தோஷம். உங்கள் வயது என்ன, சுகர் வந்து எத்தனை வருஷம்?

மாவுக்கு_விடை

38. மூன்று வருஷம்.

வெள்ளைச்சேலை

அதைத்தான் சொல்ல வந்தேன். மூன்று வருஷக்காரருக்குச் சரியான அளவு 21 வருஷக்காரருக்குச் சரியாகாது.

சுகரை ஆரம்பத்திலேயே கட்டினால் நரம்பு தப்பும் என்பது நிரூபணமானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வகை 1 சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து டிசிசிடி என்ற ஆய்வை நடத்தினார்கள். முடிவு 1993இல் வெளியானது. சுகரை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு இந்தத் தானியங்கி நரம்புக் கேடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஆனால் வயதான, பல வருஷ வகை 2 நோயாளிகளை வைத்து அக்கார்டு என்று இன்னொரு ஆய்வு, 10,251 பேர். ஒரு பிரிவினருக்குச் சுகரின் மூன்று மாதச் சராசரியை (எச்பிஏ1சி) 6 சதவீதத்துக்குக் கீழே தள்ளப் பார்த்தார்கள். அவர்களிடையே சாவு கூடியதால் 2008இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். அதே ஆய்வில் இதய நரம்பு கெட்டவர்களுக்குச் சாவு ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தது. எந்தப் பிரிவில் இருந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் நடக்கும் ஆபத்து வேறு. நமக்குச் சுகர் விழுந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஓடிப்போய்ச் சர்க்கரையை வாயில் போடுவோம். அந்தப் படபடப்பு நரம்பின் வேலை. நரம்பு கெட்டவருக்கு எச்சரிக்கை வராது, நேராகப் பேச்சு குழறும், ஆள் விழுவார். அவரிடம் போய் 90க்குக் கீழே என்று சொல்லாதீர்கள். உன் அப்பாவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவருடைய டாக்டர் எண் போட்டுச் சொல்லட்டும், தம்பி. நரம்பு முளைக்குமா என்றால், ஆரம்பக் கட்டத்தில் கொஞ்சம் தேறும். முற்றியதைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. இருப்பதைக் காப்பாற்றலாம்.

தமாம்_நாஞ்சில்

சவுதியிலிருந்து எழுதுகிறேன். அம்மா திங்கள்நகரில் தனியாக இருக்கிறாள், 18 வருஷ சுகர். கெறக்கம் எதுவும் இல்லை என்கிறாள். ஆனால் "இல்லை" என்பதையே நம்பக் கூடாது என்று இந்த இழை சொல்கிறது! முழுசாக ஒரு இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லட்டுமா? பணம் பிரச்சினை இல்லை.

மருந்துச்சீட்டு

பணம் இருக்கிறது என்பதற்காக ஸ்கேன் வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாத வகை 2 நோயாளிகள் 522 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த டயாட் என்ற ஆய்வு உண்டு. 113 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல், குறை தெரிந்தது. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கேன் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் அட்டாக்கிலோ சாவிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பிரஷர், கொழுப்பு, சுகர் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டதுதான் இரு பக்கத்தையும் காப்பாற்றியிருக்கும் என்கிறார்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யுங்கள். அக்கா சொல்வார்.

வெள்ளைச்சேலை

ஆமாம், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

ஐந்து நிமிஷம் மல்லாந்து படுக்க வைத்து, பிரஷரும் நாடியும் பார்க்க வேண்டும். எழும்பி நிற்க வைத்து ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். பிரஷர் அப்படி இறங்கியும் நாடி கூடவே இல்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். தண்ணீர் வற்றியதாலோ ரத்தம் குறைந்ததாலோ இறங்கினால் நாடி சட்டென்று ஏறும். கட்டாயம் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். கெறக்கம் வந்தால் உடனே உட்கார வைத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் செய்வார்கள். இசிஜி ஓடும்போதே ஐந்து நொடி மூச்சை இழுத்து, ஐந்து நொடி விடச் சொல்வார்கள், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. இழுக்கும்போது துடிப்பு கூடி, விடும்போது குறைய வேண்டும். நல்ல நரம்பில் அந்த வித்தியாசம் 15க்கு மேல் இருக்கும். 10க்குக் கீழே என்றால் கேடு. வயதானால் கொஞ்சம் குறையும்தான். எடின்பரோவில் எழுபதுகளில் ஈவிங் என்ற டாக்டர் வகுத்த ஐந்து சோதனைகளில் இது ஒன்று. கையைப் பிடித்து அழுத்துவது, குழாயில் ஊதுவது எல்லாம் மற்றவை. இன்னும் அதே முறைதான் ஓடுகிறது.

தமாம் தம்பி, உங்கள் அம்மா வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் வருகிறாரா? 2021இலிருந்து வருகிறார்களே. அவரிடம் பிரஷர் மிஷின் இருக்கும். படுக்க வைத்து ஒருதரம், நிற்க வைத்து ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஸ்கேனைப் பற்றி யோசிக்கலாம்.

முட்டம்_அலை

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் எதுவானாலும் மயக்க டாக்டரிடம் "சுகர் இத்தனை வருஷம், எழும்பினால் கெறக்கம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குக் கால்விரல் ஆபரேஷனில் மயக்க மருந்து ஏறியதும் பிரஷர் தரைக்குப் போய்விட்டது. வெளியே நின்ற எங்களுக்கு உயிரே இல்லை.

மட்டிப்பழம்

அக்கா, பெரியப்பாவைப் படுக்க வைத்து, நிற்க வைத்துப் பார்த்தோம். 146 இருந்தது 112. வாயை மூடிக்கொள்கிறேன். நாளை கூட்டிக்கொண்டு போகிறேன்.

ரப்பர்மூடு (16 நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும், திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக அலைச்சல்.

படுத்திருக்கும்போது 158/86, நாடி 102. நின்று ஒரு நிமிஷத்தில் 124/74. மூன்றாவது நிமிஷத்தில் 118/70, நாடி 105. மூச்சுச் சோதனையில் வித்தியாசம் 4. பார்த்ததும் டாக்டர், "இதயத்துக்குப் பிரேக்கே இல்லையே" என்றார். நான் தேர்க்கதையைச் சொன்னேன், சிரித்தார். ஆஞ்சியோவில் ஒரு குழாயில் முழு அடைப்பு, பழசு. பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியாக ரத்தம் போகிறதாம். இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றிருக்கிறார்கள்.

டாம்சுலோசினை மாற்றிவிட்டார்கள், நீர் மாத்திரையை எடுத்துவிட்டார்கள். பிரஷர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார்கள். நாடி குறைய ஒரு மாத்திரை புதிதாக. பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போடுகிறோம். கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்தச் சொன்னார்கள். அப்பா ரப்பர் மரக்கட்டை இரண்டை அவரே அறுத்து வைத்துவிட்டார். காலையில் எழும்பும் முன் ஒரு செம்பு வெள்ளம் குடிக்க வேண்டும், காலைத் தொங்கவிட்டு நூறு எண்ண வேண்டும். எண்ணுகிறார். எண்பதிலேயே எழும்பிவிடுகிறார் என்று அம்மா புகார்.

வெள்ளைச்சேலை

நல்ல செய்தி. நாடி மாத்திரை சாப்பிடும்போது சுகர் விழுவது இன்னும் கொஞ்சம் மறைந்துபோகும். வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலையில் மிஷினில் குத்திப் பார்க்கச் சொல். திடீர் வேர்வை, வாந்தி, மூச்சுவாங்கல் வந்தால் சுக்கு தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு, 108க்குப் போன் போடு.

பால்வெட்டு என்ன ஆச்சு?

ரப்பர்மூடு

அதுதான் வீட்டில் பெரிய சண்டை. விடச் சொன்னால் விட மாட்டார். டாக்டரிடமே கேட்டேன். ஆறு வாரம் சும்மா இருக்கட்டும், அப்புறம் விடிந்த பிறகு, தனியாகப் போகாமல், குனியாத வேலை என்றால் பார்க்கலாம் என்றார். அப்பா அன்றைக்கே தோட்டத்தில் இறங்கி எண்ணிவிட்டு வந்தார். மொத்தம் 280 மூடு. தாழ வெட்டு உள்ளது 110. அதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் விட்டாயிற்று. மிச்சம் 170 தனக்காம். கத்தியைத் தீட்டி எரவாணத்தில் செருகி வைத்திருக்கிறார்.